வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடும் கொள்ளைக் கும்பல்! "ஓசி" சாப்ட்வேரில் ஒளிந்து வருகிறது, உஷார்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண போட்டோ, கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பூட்டு போட்டு விட்டு, சாவிக்கு 980 டாலர் விலை பேசும் கும்பல் ஒன்று 2018-ம் ஆண்டில் இருந்து உலகம் முழுவதும் கைவரிசை காட்டி உள்ளது.

980 டாலர் என்றால் நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! சாவியின் விலைக்கு ரிச்சி தெருவில் புதுக் கம்ப்யூட்டரே வாங்கி வந்து விடலாம்.

இந்த வைரசுக்கு "ஸ்டாப்" என்றும், "டி.ஜே.வி.யூ." என்றும் பெயர். பெரிய கம்பெனிகள் பக்கம் இது அதிகம் போவது இல்லை. வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், சின்னக் கடைக்காரர், மாணவர் ஆகியோர்தான் இதற்கு இரை.

கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள்

இந்தத் திருடன் ஜன்னல் கம்பியை வளைத்து வருவது இல்லை. வீட்டுக்காரரே கூப்பிட்டு உள்ளே விடுகிறார்.

போட்டோ திருத்தும் சாப்ட்வேர், வீட்டுக்கு பிளான் போடும் சாப்ட்வேர், கணக்கு எழுதும் சாப்ட்வேர், கம்ப்யூட்டர் விளையாட்டு. இவற்றில் பலவற்றை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் இன்டர்நெட்டில் தேடினால் "கிராக்" என்ற பெயரில் கள்ள நகல் ஓசியில் கிடைக்கிறது. அதற்குள்தான் திருடன் ஒளிந்து வருகிறான்.

கள்ள நகலை இறக்கியதும் கம்ப்யூட்டரில் உள்ள வைரஸ் தடுப்பு சாப்ட்வேர் "ஆபத்து" என்று கூச்சல் போடும். அதற்கும் அந்தக் கும்பல் வழி வைத்திருக்கிறது. "முதலில் ஆன்டி-வைரசை அணைத்து விடுங்கள். அப்போதுதான் இது வேலை செய்யும்" என்று கூடவே ஒரு குறிப்பு இருக்கும். வீட்டுக்காரரும் நம்பி அணைத்து விடுகிறார். காவல் நாயைக் கட்டிப் போட்டு விட்டு, திருடனுக்குக் கதவைத் திறந்து விட்ட கதைதான்!

பிறகு திரையில் "விண்டோஸ் அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்" என்பது போல ஒரு பெட்டி தோன்றும். அது போலி. வீட்டுக்காரர் காபி குடித்து விட்டு வருவதற்குள், உள்ளே ஒவ்வொரு பைலாகப் பூட்டு விழுந்து கொண்டிருக்கும்.

சாம்பிளும் உண்டு, தள்ளுபடியும் உண்டு!

பூட்டு போட்டு முடிந்ததும் கும்பல் ஒரு சீட்டு எழுதி வைத்து விட்டுப் போகிறது. "ரீட்மி" என்று அதற்குப் பெயர்.

பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்வதில்தான் அந்தச் சீட்டு தொடங்குகிறது. எங்களிடம் சாவி இருக்கிறது, விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று பேரம் பேசுகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரே ஒரு பைலை அனுப்புங்கள், சாம்பிளுக்கு இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்றும் சொல்கிறது. ஜவுளிக் கடை ஆடித் தள்ளுபடி மாதிரி!

திருட்டு அதோடு முடியவில்லை. பாஸ்வேர்டுகளை லவட்டிக் கொண்டு போகும் இன்னொரு வைரசையும் சில சமயம் இது கூடவே கூட்டி வருகிறது. "ஞாபகம் வைத்துக் கொள்" என்று பிரவுசரில் சேமித்து வைத்த இ-மெயில், பாங்கு பாஸ்வேர்டுகள் எல்லாம் பறந்து விடும். மருந்து தேடிப் போகும் வைரஸ் எதிர்ப்பு இணையதளங்களின் வழியையும் அடைத்து விடுகிறது. டாக்டர் வீட்டுக்குப் போகும் தெருவில் முள் வெட்டிப் போட்ட மாதிரி.

பாதி சாவிதான் கிடைத்தது

"எம்சிசாப்ட்" என்ற கம்பெனி 2019-ம் ஆண்டு அக்டோபரில் இந்தக் கும்பலின் 148 வகைப் பூட்டுகளுக்கு மாற்றுச் சாவி தயாரித்து இலவசமாக வெளியிட்டது. பலருக்குப் போன பைல்கள் திரும்பக் கிடைத்தன.

ஆனால் கும்பல் அதற்கு முன்பே உஷாராகி விட்டது. 2019 ஆகஸ்டு கடைசியில் இருந்து பூட்டும் முறையையே மாற்றி விட்டார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. அந்தச் சாவி கும்பலின் கையில் மட்டும். அப்படிப் பூட்டப்பட்ட பைல்களை மற்றவர்கள் திறக்க முடியாது.

பணத்தைக் கட்டினாலாவது சாவி வருமா? அதற்கும் உத்தரவாதம் கிடையாது. வாங்கிக் கொண்டு அல்வா கொடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

முதல் வைரஸ் பிறந்த கடை

கள்ள நகலுக்கும் வைரசுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல. ஐ.பி.எம். வகை கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரசுக்கு "பிரெய்ன்" என்று பெயர். 1986-ம் ஆண்டு பாகிஸ்தானில் உள்ள லாகூரில், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதியது.

தாங்கள் எழுதி விற்ற சாப்ட்வேரை சிலர் காசு கொடுக்காமல் நகல் எடுத்ததால், அவர்களைக் கண்டுபிடிக்கவே இதைச் செய்தோம் என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள். வைரசுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை! இன்றைய கும்பல்கள் விலாசம் எழுதி வைப்பது இல்லை.

உலகத்தை ஏமாற்றிய காதல் கடிதம்

கள்ள நகலே தொடாதவர் வீட்டுக்குள்ளும் வைரஸ் நுழைவது உண்டு. அதற்கு வழி இ-மெயில்.

2000-ம் ஆண்டு மே 4-ந் தேதி உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களுக்கு "ஐ லவ் யூ" என்று இ-மெயில் வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர்தான். கூடவே "உனக்கு ஒரு காதல் கடிதம்" என்று ஒரு பைல். யாருக்குத்தான் ஆசை இருக்காது? திறந்தார்கள். போட்டோக்கள் அழிந்தன. விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்கள் பெயரிலேயே அதே காதல் கடிதம் பறந்தது. இங்கிலாந்து பார்லிமெண்டிலேயே இ-மெயிலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

துப்பு துலக்கியபோது பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், ஓனல் டி குஸ்மான் என்ற மாணவரிடம் போய் நின்றது. ஆனால் அந்த நாட்டில் அப்போது இதற்குச் சட்டமே இல்லை! ஆகஸ்டு மாதம் வழக்கு கைவிடப்பட்டது. 20 ஆண்டு கழித்து, 2020-ல், "நான்தான் எழுதினேன்" என்று அவர் ஒப்புக் கொண்டார். அப்போது அவர் மணிலாவில் செல்போன் ரிப்பேர் கடை நடத்திக் கொண்டிருந்தார். இன்டர்நெட்டுக்குக் கட்டப் பணம் இல்லாமல், அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருட எழுதியது இப்படி ஆகி விட்டது என்றார்.

அந்தக் கடிதத்தில் இருந்த தந்திரம் இன்றும் ஓடுகிறது. பைல் பெயரின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்து விடும். அதனால் புரோகிராம் ஆக இருப்பது சாதாரணக் கடிதம் போலத் தெரிந்தது. இப்போது "கரண்டு பில்", "கூரியர் ரசீது", "வருமான வரி நோட்டீஸ்" என்ற பெயரில் வருகிறது. பெயருக்கு நடுவில் "பி.டி.எப்." என்று இருந்தாலும், கடைசியில் "இ.எக்ஸ்.இ." என்று முடிந்தால் தொடவே கூடாது. விண்டோசில் பைல்களைப் பார்க்கும் பெட்டியில் "வியூ" பகுதிக்குப் போய் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்தால் மறைந்த வால் தெரியும்.

2 மாதம் சும்மா கிடந்த மருந்து

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை. "வான்னாகிரை" என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் தடுமாறின. அங்கு சுமார் 19 ஆயிரம் நோயாளிகளின் டாக்டர் சந்திப்புகள் ரத்தாயின என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களும், கேரளாவில் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் சிக்கின.

இந்த வைரஸ் யாரும் எதையும் திறக்காமலேயே ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவியது. விண்டோசில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. 

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் 14-ந் தேதியே கொடுத்து விட்டது. 2 மாதம் சும்மா கிடந்தது. "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

வைரசை நிறுத்தியவர் 22 வயது இங்கிலாந்து வாலிபர் மார்க்கஸ் ஹட்சின்ஸ். வைரஸ் எங்கோ ஒரு முகவரியைத் தேடுவதைக் கவனித்து, யாரும் வாங்காமல் இருந்த அந்த முகவரியை 10 டாலர் சொச்சம் கொடுத்துத் தன் பெயரில் பதிந்தார். வைரஸ் பரவுவது நின்றது! ஆனால் முன்பே பூட்டு விழுந்தவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு!"

வைரசே இல்லாமல் கொள்ளை அடிக்கும் கில்லாடிகளும் உண்டு.

ஏதோ இணையதளத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது திரை முழுக்க சிவப்பு எச்சரிக்கை வரும். சைரன் ஊளையிடும். "உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யவும்" என்று இருக்கும். பயந்து போய்ப் பேசினால், "சார், நாங்க கம்பெனியில இருந்து பேசறோம். பதட்டப்படாதீங்க, நான் சொல்ற மாதிரி செய்யுங்க" என்று ஒரு ஆசாமி தேனொழுகப் பேசுவான்.

விண்டோசில் "ஈவென்ட் வியூவர்" என்ற பகுதியைத் திறக்கச் சொல்வான். அதில் "எரர்" என்று வரிசையாக இருக்கும். நல்ல கம்ப்யூட்டரிலும் இது சகஜம். "பாருங்க சார், எத்தனை வைரஸ்!" என்பான். பிறகு "எனிடெஸ்க்" போன்ற சாப்ட்வேரைப் போடச் சொல்வான். அதில் வரும் நம்பரைக் கேட்பான். அதைச் சொல்லி அனுமதியும் கொடுத்து விட்டால், வீட்டுக் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய் விடும். பாங்கு கணக்கைத் திறக்க வைத்து நைசாகச் சுருட்டி விடுவான்.

"எனிடெஸ்க்" நல்ல காரியத்துக்காகச் செய்யப்பட்ட சாப்ட்வேர்தான். அதை மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது பற்றி 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே பாங்குகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. நம் நாட்டில் இருந்து கொண்டு வெளிநாட்டுக்காரர்களை இப்படி ஏமாற்றியதாக மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகள் புகார் கொடுத்தன. அது உள்பட பல சைபர் மோசடி வழக்குகளில் 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை நடத்தியது.

தங்கள் எச்சரிக்கைப் பெட்டிகளில் டெலிபோன் நம்பர் போடுவதே இல்லை என்று மைக்ரோசாப்ட் கூறி இருக்கிறது. நம்பர் இருந்தால் மோசடி. திரை நகராவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்து விடலாம். ஒன்றும் ஆகாது.

"அட்மின்... அட்மின்"

இன்டர்நெட் கொண்டு வரும் ரூட்டர் பெட்டியும் ஒரு வாசல்தான். பல ரூட்டர்களும், கடைகளில் மாட்டும் சி.சி.டி.வி. கேமராக்களும் கம்பெனியில் இருந்து வரும்போது "அட்மின்" என்ற பெயர், "அட்மின்" என்ற பாஸ்வேர்டோடு வந்தன. மாட்டிக் கொடுப்பவர் அப்படியே விட்டு விட்டுப் போய் விடுவார்.

2016-ல் "மிராய்" என்ற வைரஸ் இப்படிப்பட்ட 60-க்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக் கொண்டு உலகம் முழுவதும் ரூட்டர், கேமராக்களில் புகுந்தது. அக்டோபர் 21-ந் தேதி அந்தப் படையை ஏவியதில் அமெரிக்காவில் டுவிட்டர் உள்பட பல பெரிய இணையதளங்கள் படுத்து விட்டன. தங்கள் வீட்டுப் பெட்டி அதற்கு அடியாளாக வேலை செய்தது சொந்தக்காரர்களுக்கே தெரியாது! அந்த வைரசை எழுதிய 3 அமெரிக்க வாலிபர்கள் 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:- ஆன்டி-வைரஸ் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்:- கட்டாயம் இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் "டிபெண்டர்" என்ற தடுப்பு சாப்ட்வேர் இலவசமாகவே இருக்கிறது. அதை அணைக்காமல் இருந்தாலே போதும். எந்த சாப்ட்வேராவது "அதை அணை" என்று சொன்னால், அந்த சாப்ட்வேர்தான் ஆபத்து. சி.இ.ஆர்.டி.-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2017-ல் தொடங்கிய "சைபர் ஸ்வச்தா கேந்திரா" இணையதளத்திலும் வைரஸ் நீக்கும் சாப்ட்வேர் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

கேள்வி:- போட்டோ, கணக்கு பத்திரமாக இருக்க ஒரே வழி என்ன?

பதில்:- நகல். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒரு முறை நகல் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைத்து விட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதற்கும் சேர்த்துப் பூட்டு போட்டு விடும். கழற்றி வைத்த நகலை எந்தக் கும்பலாலும் தொட முடியாது. 980 டாலரும் கேட்க முடியாது!

கேள்வி:- பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:- விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதி நிறுத்தி விட்டது. தனியாகப் பதிந்து கொள்பவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீட்டிப்பு அறிவித்தது. கம்ப்யூட்டர் தாங்கினால் விண்டோஸ் 11-க்கு மாறலாம். தாங்காவிட்டால் "உபுண்டு" போன்ற லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம். லினக்ஸ் இலவசம். அப்டேட்டும் இலவசம்.

கேள்வி:- சாப்ட்வேர் வாங்க வசதி இல்லையே? கிராக் போடாமல் எப்படி?

பதில்:- நியாயமாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன. கடிதம், கணக்கு அட்டவணைக்கு "லிப்ரே ஆபீஸ்". அதில் தமிழிலும் வேலை செய்யலாம். போட்டோ திருத்த "கிம்ப்". இவற்றை அவற்றின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது "விண்டோஸ் போட்டுத் தரேன் சார், தனியா காசு வேண்டாம்" என்று யாராவது சொன்னால், பில்லில் விண்டோஸ் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தயங்கினால் அது கள்ளச் சரக்கு.

கேள்வி:- பாஸ்வேர்டு எப்படி வைப்பது?

பதில்:- ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துக்கும் வைப்பது, வீட்டுக்கும் கடைக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி வைப்பது மாதிரி. முக்கியமாக இ-மெயிலுக்குத் தனி பாஸ்வேர்டு வேண்டும். அது போனால் மற்ற பாஸ்வேர்டுகளையும் அதன் வழியாகவே மாற்றி விடுவார்கள். நீளமாக இருக்கட்டும். வீட்டு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைத்தாலும் தப்பு இல்லை. செல்போனுக்கு நம்பர் வந்தால்தான் திறக்கும்படி இரட்டைப் பூட்டு வசதியும் உண்டு. அந்த நம்பரை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றித் தரும்படி, மாட்ட வருபவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

பூட்டு விழுந்து விட்டால்?

உடனே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்க வேண்டும். வை-பையையும் அணைக்க வேண்டும். பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் மாட்டி இருந்தால் கழற்ற வேண்டும். கும்பல் எழுதி வைத்த சீட்டை செல்போனில் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். வேறு கம்ப்யூட்டரிலோ, செல்போனிலோ பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்ற வேண்டும்.

பூட்டு விழுந்த பைல்களை அழித்து விடக்கூடாது. கும்பல் என்றாவது பிடிபட்டு சாவி வெளியே வரலாம். "நோ மோர் ரான்சம்" என்ற இணையதளத்தை நெதர்லாந்து போலீசும், ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சில கம்பெனிகளுடன் சேர்ந்து 2016-ல் தொடங்கின. பல வகை வைரஸ்களுக்கான மாற்றுச் சாவிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் இப்படி நாசவேலை செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே புகார் பதியலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போயும் கொடுக்கலாம்.

பாங்கில் இருந்து பணம் போய் விட்டால் நேரத்தைக் கடத்தக் கூடாது. பாங்குக்கும், 1930 என்ற நம்பருக்கும் உடனே போன் செய்ய வேண்டும். திருடன் கை மாற்றி விடுவதற்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும். கியாஸ் கம்பெனி, கரண்டு ஆபீஸ் நம்பர்களை எழுதி வைத்திருக்கும் இடத்தில் இந்த நம்பரையும் இன்று இரவே எழுதி வைப்பது நல்லது.